காலியான புளோக்குகளில் நாலு ரோல்: இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்

சிங்கப்பூர் தங்ளின் ஹால்ட்டின் பழைய பத்து மாடி புளோக்குகளில் ஆள்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த மாதங்களில், அங்கே எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நாலு ரோல் எடுத்தேன். அதற்கு முன் டிஜிட்டல்தான். ஒரே மாலையில் முந்நூறு படம் எடுத்து வருவேன். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அங்கே நின்ற உணர்வு ஒரு படத்திலும் இருக்காது.

ரோலுக்கு 36 படம்தான் என்றானதும் நின்று பார்க்க ஆரம்பித்தேன். ஆறாம் மாடித் தாழ்வாரத்தில் முதலில் மூக்குதான் வேலை செய்தது: ஈரச் சுண்ணாம்பு, புறா எச்சம், யாரோ விட்டுப்போன சாமி மேடையில் பழைய ஊதுபத்திச் சாம்பல். கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் துரு செதில் செதிலாக விரலில் ஒட்டியது. கீழே ஒரு தபால்பெட்டிக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் இப்படி நின்ற பிறகுதான் கேமராவை எடுக்கவே தோன்றியது.

இந்த ஃபிலிமின் பலம் நிழல். மதிய வெயிலில் தாழ்வாரத்தின் ஒரு பக்கம் வெள்ளையாய் எரியும், வீட்டுக்குள் கும்மிருட்டு. ஐஎஸ்ஓ 400 என்ற இதன் சாதாரண வேகத்திலேயே இரண்டையும் ஓரளவு பிடித்துவிடுகிறது. உரிந்த பெயிண்ட் மேல் இதன் கிரெயின், அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள், மணல் தூவினாற்போல உட்கார்கிறது. சுவரைத் தடவிப் பார்க்கலாம் போலிருக்கும். படிக்கட்டு மாதிரி இருட்டான இடங்களில் ஒன்று கவனிக்க வேண்டும்: ஒளி மீட்டர் 10 விநாடி காட்டினால் ஏறத்தாழ 20 விநாடி கொடுங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை வாங்கும் திறன், குறைந்துவிடும். ட்ரைபாட் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

1600-க்கும் தள்ளலாம், அதாவது ஐஎஸ்ஓ 1600 என்று வைத்து எடுத்துவிட்டு, கழுவும்போது கூடுதல் நேரம் கொடுப்பது. நான் தள்ளிய ரோலை ஒரு லேபில் சாதாரண 400 மாதிரிக் கழுவிவிட்டார்கள். நெகடிவ் முழுக்க வெளிறிப்போய் வந்தது. மனசே உடைந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியாத இடம் அல்லவா? உறையில் மட்டும் எழுதாமல் கேசட்டின் மேலேயே மார்க்கரால் 1600 என்று எழுதிக் கொடுங்கள். அப்புறம், நம்மூர்ப் புழுக்கத்துக்கு ஃபிலிமை ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும்.

குறை என்றால் ஒன்றுதான், ஆனால் எனக்கு அது பெரியது. அந்தப் புளோக்குகளில் ஒன்றில் என் பெரியம்மா நாற்பது வருஷம் இருந்தார். 2014-இல், பழைய புளோக்குகளை எடுத்துக்கொண்டு வேறு வீடு தரும் செர்ஸ் திட்டத்தில் 31 புளோக்குகள் என்று அறிவிப்பு வந்தபோது முதலில் நம்பவே இல்லை. 1967-இல் வெளியான, ஆர்க்கிட் பூ போட்ட ஒரு வெள்ளி (டாலர்) நோட்டின் பின்பக்கம் இந்த வீடுகள்தான் இருக்கும், அதில் ஒரு நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, “நோட்டுல போட்ட வீட்டையா இடிப்பாங்க?” என்று கேட்டார். அவர் பக்கத்து டாசன் பேட்டைக்கு மாறிய பிறகும் பழைய வீட்டு நிலைப்படியில் வெள்ளிக்கிழமைதோறும் வைத்த மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன. வெள்ளை பெயிண்ட் அடித்த மரச்சட்டம். பல வருஷத்து மஞ்சள் அதில் ஊறிப்போயிருந்தது. அதற்காக மட்டும் ஐந்து படம் செலவழித்தேன்.

பிரிண்ட்டைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா, “பொட்டு இருக்கு, மஞ்ச எங்கடா?” என்றார். குங்குமம் கறுப்பாக விழுந்திருந்தது. மஞ்சள் வெள்ளைச் சட்டத்தோடு கலந்து காணாமல் போயிருந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மஞ்சள் ஏறக்குறைய வெள்ளைதான். நீல ஃபில்டர் போட்டிருந்தால் மஞ்சள் கருத்துத் தெரிந்திருக்கும், என்னிடம் அன்று இல்லை. இரண்டு வாரம் கழித்து கலர் ரோலோடு போனேன். புளோக்கைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். வேலி ஏறிப் போவது தப்பு, திரும்பி வந்துவிட்டேன்.

சுவர், படிக்கட்டு, ஜன்னல் வெளிச்சம் இதற்கெல்லாம் எச்பி5-ஐத் தாராளமாக வாங்குங்கள். யாராவது வாழ்ந்த வீட்டுக் கதவுக்குப் பையில் ஒரு கலர் ரோலும் இருக்கட்டும்.