லைன் கணக்கா, ஸ்க்ரைபா, கோடிங்கா? வீட்டிலிருந்து மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பார்ப்பவர்களுக்கு

போன மாதம் என் பழைய டீமில் இருந்த தோழி ஒருத்தி போன் செய்தாள். இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம். மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கிறாள், ஆனால் வீட்டை விட்டு நகர முடியாது. எதிரில் மூன்று வழி. ஒன்று, பழையபடி லைன் கணக்கில் டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்து, அடித்த லைனுக்குக் கூலி வாங்குவது. இரண்டு, அமெரிக்க டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போதே கேட்டு எழுதும் ஸ்க்ரைப் வேலை, மாதச் சம்பளம். மூன்று, படித்துத் தேர்வு எழுதி, ரிப்போர்ட்டுகளுக்குக் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங்குக்கு மாறுவது. "எது அக்கா சரி வரும்?" என்றாள்.

ஒரு மணி நேரம் பேசினோம். அவளிடம் சொன்னதையும், போனை வைத்த பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் சென்னையில் ஆபீஸில் ஐந்து வருடம், அப்புறம் திருச்சியில் வீட்டிலிருந்து ஒன்பது வருடம் இந்த வேலை பார்த்தவள். நடுவில் ஏழு மாதம் ஸ்க்ரைப். இப்போது இரண்டு வருடமாகக் கோடிங். மூன்றிலும் கை வைத்திருக்கிறேன் என்பதால் எழுதத் துணிகிறேன்.

முதலில் லைன் கணக்கு. இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்து ஒரு லைன். டாக்டர் ஒரு நிமிடம் பேசியதை அடித்தால் சுமார் பத்து லைன் வரும். பேச்சு தெளிவாக இருந்து அக்கவுண்ட்டும் (எந்த மருத்துவமனைக்கு வேலை பார்க்கிறோமோ அது) பழகியிருந்தால் மணிக்கு 130 லைன் அடிப்பேன். வீட்டு வேலையில் எனக்குக் கடைசியாகக் கிடைத்த டைப்பிங் ரேட் லைனுக்கு 1 ரூபாய். ஆக மணிக்கு 130 ரூபாய்.

ஆனால் இப்போது வெறும் டைப்பிங் அக்கவுண்ட் கிடைப்பது அரிது. மெஷின் முதலில் ஒரு டிராஃப்ட் போட்டுத் தருகிறது. நாம் ஆடியோவைக் கேட்டுக்கொண்டே அதைத் திருத்த வேண்டும். பாதி வேலை மெஷினே பார்த்துவிட்டது என்று ரேட்டும் பாதி. எனக்கு 50 பைசா கொடுத்தார்கள். நிதானமாகப் பேசும் டாக்டர் என்றால் மணிக்கு 240 லைன் திருத்தலாம். 120 ரூபாய், பெரிய நஷ்டமில்லை. வாய்க்குள்ளேயே முணுமுணுப்பவர், காரை ஓட்டிக்கொண்டே பேசுபவர், சொன்னதை மூன்று தடவை மாற்றிச் சொல்பவர் வந்தால் கதை வேறு. அந்த டிராஃப்டை அழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பதே மேல் என்று இருக்கும். அப்படி அடித்தாலும் கூலி எடிட்டிங் ரேட்தான். அந்த நாளில் மணிக்கு 60 ரூபாயைத் தாண்டியதில்லை.

அதனால் ரேட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எந்த அக்கவுண்ட், எத்தனை டாக்டர்கள், டிராஃப்ட் உபயோகமில்லாமல் இருந்தால் டைப்பிங் ரேட் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "கொடுப்போம்" என்று சொன்ன இடம் நான் பார்த்தவரை ஒன்றே ஒன்றுதான். அங்கேதான் நான் அதிக நாள் இருந்தேன்.

எடிட்டிங் சுலபம் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் தோல் டாக்டர் ஒருவருடைய ஃபைல். இரவில் அரிப்பு தாங்கவில்லை என்று வந்திருக்கிறார் ஒரு பெண்மணி. டிராஃப்டில் 'ஹைட்ராலசைன் 25 மில்லிகிராம், படுக்கப் போகும்போது' என்று இருந்தது. ஆடியோவிலும் எனக்கு அப்படித்தான் கேட்டது. கண் முந்திக்கொண்டு பார்த்துவிட்டதால் காதும் அதற்கு ஒத்துப் போய்விட்டது. அடுத்த பத்திக்குப் போன பிறகு உறுத்த ஆரம்பித்தது. ஹைட்ராலசைன் பிபி மாத்திரை. அரிப்புக்குக் கொடுப்பது ஹைட்ராக்சிசைன். இரண்டுமே 25 மில்லிகிராமில் வரும், டோஸைப் பார்த்தும் பிடிக்க முடியாது. ஆடியோவை ஓட்டவும் நிறுத்தவும் காலடியில் இருக்கும் பெடலை மிதித்துப் பின்னால் ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு திரும்பக் கேட்டேன். சொல்லின் நடுவில் 'க்ஸ்' என்று ஒரு சின்ன உரசல். ஹைட்ராக்சிசைன்தான். அந்த ஒரு சொல்லுக்கு நான்கு நிமிடம் போயிற்று. அந்த லைனுக்குக் கூலி 50 பைசா.

டைப்பிங்கில் காது தனியாக நிற்கிறது, தெரியாவிட்டால் பிளாங்க் விட்டுவிடலாம். எடிட்டிங்கில் மெஷின் பிளாங்க் விடாது, எதையாவது எழுதி வைத்திருக்கும். அதுவும் இலக்கணப் பிழை இல்லாமல் அழகாக எழுதியிருக்கும். 'நோ' என்ற ஒரு சொல் விடுபட்டுவிட்டால் எலும்பு முறியாதவருக்கு முறிந்துவிடும். மருந்துப் பெயர், வலது இடது, 15-ஆ 50-ஆ, இந்த மூன்றும் வரும்போது திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுக் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். க்யூஏ, அதாவது தரம் பார்ப்பவர்கள் போடும் மார்க் 98-க்குக் கீழே போனால் இன்சென்டிவ் போச்சு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த ரிப்போர்ட்டை நம்பி அந்தப் பக்கம் ஒருவர் மாத்திரை சாப்பிடப் போகிறார்.

லைன் கணக்கில் இன்னொரு ஓட்டை, கூலி இல்லாமல் காத்திருக்கும் நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் டாக்டர் மாலை 6 மணிக்கு டிக்டேட் செய்தால், கோடையில் நமக்கு அது அதிகாலை 3.30. அப்போது ஃபைல் குவியும். பகல் 11 மணிக்குக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது. நவம்பர் கடைசியில் அவர்களுக்கு நன்றி சொல்லும் பண்டிகை, டிசம்பரில் கிறிஸ்துமஸ். அந்த வாரங்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் நுவான்ஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்கிரிப்ஷன் சர்வர்களைத் தாக்கியபோது வாரக்கணக்கில் வேலை நின்றது. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளம் வந்தது. லைன் கணக்குக்காரருக்கு லைன் இல்லை என்றால் ஒரு பைசா இல்லை.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டையும் மறக்கக் கூடாது. லைன் கணக்கில் எடுப்பவர்கள் பெரும்பாலும் நம்மை ஊழியர் என்று சேர்ப்பதில்லை, கான்ட்ராக்ட் ஆள்தான். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு இஎஸ்ஐ உண்டு. அதில் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும். லைன் கணக்கில் இருந்த எனக்குப் பிரசவம் முடிந்து 40-வது நாள் ஹெட்போன் மாட்ட வேண்டியிருந்தது.

வேலை எத்தனை கை மாறி வருகிறது என்றும் விசாரியுங்கள். 2003-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனைக்கு கராச்சியிலிருந்து ஒரு டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் மெயில் அனுப்பினார். கூலி வரவில்லை, வாங்கித் தராவிட்டால் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை இணையத்தில் போட்டுவிடுவேன் என்று. சப் கான்ட்ராக்ட், அதற்குள் இன்னொரு சப் கான்ட்ராக்ட் என்று போனதில் தங்கள் ஃபைல் கராச்சிக்குப் போனதே மருத்துவமனைக்குத் தெரியாது. அவர் மிரட்டியதை நான் நியாயப்படுத்தவில்லை. நோயாளியின் ரகசியத்தில் கை வைப்பது நம் வேலையில் மன்னிக்க முடியாத காரியம். ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குத்தான் கூலி வந்து சேராது என்பதை நானும் பட்டிருக்கிறேன். ஒரு இடத்தில் எனக்கு மூன்று மாதக் கூலி நின்றது, கடைசி வரை வரவில்லை. மருத்துவமனையிலிருந்து நேரடியாக வேலை எடுக்கும் இடமா, இரண்டாவது கையா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு குறை சொல்லியும் ஒன்பது வருடம் ஏன் இருந்தேன்? தூளிதான் காரணம். வலது கால் பெடலில், இடது கால் கட்டைவிரலில் தூளிக் கயிறு. இரண்டு கையும் கீபோர்டில். குழந்தை அழுதால் பெடலில் இருந்து காலை எடுத்தால் போதும், டாக்டர் நின்றுவிடுவார். பால் கொடுத்துவிட்டு வந்து மறுபடி மிதிக்கலாம். 24 மணி நேர டிஏடி (ஃபைலை முடித்துத் தர வேண்டிய கெடு) உள்ள அக்கவுண்ட் என்றால் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தினால்கூட ராத்திரி ஈடு கட்டிவிடலாம். இந்தச் சௌகரியத்தை வேறு எந்த வேலையும் எனக்குத் தரவில்லை.

ஸ்க்ரைப் வேலையில் டாக்டர் நிற்க மாட்டார். அவர் கிளினிக் காலை 8 முதல் மாலை 5 வரை என்றால், கிழக்குக் கரைக்கு கோடையில் நமக்கு மாலை 5.30 முதல் இரவு 2.30. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதால் 6.30 முதல் 3.30. மேற்குக் கரை என்றால் விடியும்வரை. தனி அறை, தாழ்ப்பாள், சில இடங்களில் கேமரா. போனை அறைக்குள் கொண்டு போகக் கூடாது. பதிலுக்கு மாதச் சம்பளம், பிஎஃப், லீவு எல்லாம் ஒழுங்காக வந்தன. வேலையும் பிடித்திருந்தது. டிக்டேஷனில் டாக்டர் சுருக்கிச் சொல்வதை மட்டும்தான் கேட்போம். இங்கே நோயாளி பேசுவதையும் கேட்கிறோம், எந்த அறிகுறியிலிருந்து எந்த முடிவுக்கு டாக்டர் போகிறார் என்பது பிடிபடுகிறது. அந்த ஏழு மாதத்தில் கற்ற மருத்துவம் அதிகம்.

விட்டதற்குக் காரணம் ஒரு ராத்திரி. குழந்தைகள் டாக்டரின் கிளினிக். அந்தப் பக்கம் ஒரு தாய், மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் 101.4 என்று அடித்துக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு வெளியே என் மகள், அவளுக்கும் காய்ச்சல், "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறாள். மாமியார் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த இடைவேளைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் பெரியவர்களாகி, ராத்திரி வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் ஸ்க்ரைப் நல்ல வேலை. எட்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒத்துவராது என்பது என் கருத்து.

இன்னொன்று, அந்த வேலையையும் மெஷின் தேடி வருகிறது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் செய்யும் அந்த நுவான்ஸை மைக்ரோசாஃப்ட் 2022 மார்ச்சில் வாங்கி முடித்தது. டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே நோட் எழுதும் கருவிகள் இப்போது கிளினிக்குகளில் வந்துவிட்டன. டிரான்ஸ்கிரிப்ஷன் எடிட்டிங்காக மாறியது போலவே, ஸ்க்ரைபும் டிராஃப்டைச் சரிபார்க்கும் வேலையாக மாறிக்கொண்டிருக்கிறது.

கோடிங் பகல் வேலை. எழுதி முடித்த ரிப்போர்ட்டைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போட வேண்டும். ஆடியோ இல்லை, டாக்டரும் இல்லை. 2015 அக்டோபர் 1-ல் அமெரிக்கா ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலுக்கு மாறிய பிறகு குறியீடுகள் பல மடங்கு பெருகின, எந்தப் பக்கம், எத்தனாவது வருகை என்பதெல்லாம் குறியீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆபரேஷன் ரிப்போர்ட்டுகளை வருடக்கணக்கில் அடித்த நமக்கு இங்கே பெரிய அனுகூலம் உண்டு. என்னோடு வகுப்பில் இருந்த பிள்ளைகள் 'லாப்ரோஸ்கோபிக்' என்ற சொல்லில் தடுக்கியபோது நான் அடுத்த பக்கத்தில் இருந்தேன்.

கோடிங் வேலைக்கான சான்றிதழ்த் தேர்வு சிபிசி. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் வாங்க வேண்டும். குறியீட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டே எழுதலாம். ஆனால் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போதாது. அனுபவம் இல்லாமல் தேர்வானால் பட்டத்தோடு 'பயிற்சி நிலை' என்ற ஒட்டு வரும், அந்த ஒட்டை நீக்க இரண்டு வருட வேலை அனுபவம் காட்டலாம். செலவு சின்னதில்லை. தேர்வுக் கட்டணம், உறுப்பினர் கட்டணம், மூன்று புத்தகம். எனக்கு ஒரு வளையல் அடகுக் கடைக்குப் போனது. அப்புறம், பல விளம்பரங்களில் லைஃப் சயின்ஸ் அல்லது பாராமெடிக்கல் பட்டம் கேட்கிறார்கள். பி.காம் படித்த நல்ல டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்டுகள் அந்த வாசலிலேயே நின்றுவிடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. எடுத்தவுடன் வீட்டிலிருந்து வேலையும் தர மாட்டார்கள். நான் முதல் ஒரு வருடம் திருச்சியிலேயே ஒரு ஆபீஸுக்குப் போய் வந்தேன்.

டிரான்ஸ்கிரிப்ஷன் மட்டும் கற்றுத் தருகிறோம், வேலை நிச்சயம் என்று பணம் கேட்கும் பயிற்சி நிலையத்தில் இப்போது யாரும் சேர வேண்டாம். இந்தத் தொழிலின் அமெரிக்கச் சங்கம் 1978-ல் தொடங்கியபோது அதன் பெயரில் டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற சொல் இருந்தது. 2007-ல் பெயரை மாற்றியபோது அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே கை பழகியவர்களுக்கு எடிட்டிங்கில் இன்னும் இடம் இருக்கிறது. பணம் கட்டிப் புதிதாக வருகிறவர்களுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தோழி விலங்கியல் படித்தவள். அதனால் அவளிடம் சொன்னது இது: இந்த ஒரு வருடம் லைன் கணக்கில் எடிட்டிங் எடு, அதிகாலை ஃபைல் குவியும் 4 முதல் 7 வரை மட்டும். ஒரே அக்கவுண்ட்டில் நில். குழந்தை மதியம் தூங்கும்போது அனாடமியைப் புதுப்பி. நடக்க ஆரம்பித்த பிறகு சிபிசி எழுது.

சேர்ந்துவிட்டாள். நேற்று காலை ஐந்து மணிக்கு மெசேஜ். டிராஃப்டில் 'இலியம்' என்று வந்திருக்கிறது, இடுப்பெலும்பா சிறுகுடலா, உச்சரிப்பில் வித்தியாசமே இல்லையே அக்கா என்று. என்ன கேஸ் என்று கேட்டேன். குடலடைப்பு என்றாள். அப்படியென்றால் சிறுகுடல், நடுவில் ஆங்கில 'ஈ' எழுத்து போட்டு எழுது என்று பதில் அனுப்பினேன்.