லீ-என்ஃபீல்டா, மவுசரா? நான் நம்பர் 4 வாங்கிய காரணம்

கனடாவில் லைசென்ஸ் எடுத்து, உலகப்போர் காலத்து ரைஃபிள் ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பலர் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். பிரிட்டனின் லீ-என்ஃபீல்டா, ஜெர்மனியின் மவுசர் கே98-ஆ? நான் லீ-என்ஃபீல்டில் நம்பர் 4 என்ற மாடலை வாங்கினேன், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். மேகசினில் இதற்கு 10 தோட்டா, மவுசருக்கு 5. எடையிலும் தோட்டாவின் வலுவிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்க இதில் 60 டிகிரி போதும், மவுசரில் 90. 1914-க்கு முந்தைய பிரிட்டிஷ் காலாட்படைக்கு 300 கஜத்தில் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடுவது வழக்கமான பயிற்சி என்றால், அதற்கு இந்த லேசான போல்ட்டும் ஒரு காரணம்.

ஆனால் வரலாற்றில் மவுசர்தான் முன்னால் ஓடியது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் (1899-1902) எதிராளிகள் மவுசரில் ஐந்து தோட்டாவைக் கிளிப்போடு ஒரே அழுத்தில் இறக்க, பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் லீ-என்ஃபீல்டைக் குட்டையாக்கி, கிளிப் வசதியும் சேர்த்தார்கள். அப்புறமும் திருப்தி வராமல் மவுசர் பாணியில் பி13 என்று ஒரு புது ரைஃபிளையே சோதித்தார்கள், 1914-இல் போர் வந்ததால் அது நின்றுபோனது. அப்படி ஓரங்கட்டப்பட இருந்த துப்பாக்கிதான் நம் ஊர் போலீஸ் தோளில் ‘த்ரீ நாட் த்ரீ’யாகத் தொங்கியது. உத்தரப்பிரதேச போலீஸ் அதற்கு விடைகொடுத்ததே 2020-இல்தான்.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயம் ஹெட்ஸ்பேஸ். லீ-என்ஃபீல்டின் .303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும். மூடிய போல்ட்டின் முகத்துக்கும் அந்த விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ், ராணுவ அளவுப்படி அது 0.064 முதல் 0.074 அங்குலம் வரை இருக்கலாம். சுடச்சுட பாகங்கள் தேய்ந்து இந்த இடைவெளி கூடும். ரொம்பக் கூடிவிட்டால் பித்தளைக் கூடு அடிப்பக்கத்தில் இழுபட்டு, ஒருநாள் இரண்டாகப் பிய்ந்து, முன்பாதி தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எண்பது வயதுத் துப்பாக்கியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நம்பர் 4-இல் போல்ட்டின் தலை தனிப் பாகம், கையாலேயே திருகிக் கழற்றலாம். 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் செய்தார்கள், எண் கூடக்கூட நீளமும் கூடும், இடைவெளி குறையும். என்னுடையது டொரொண்டோ பக்கத்தில் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்தது, தலையில் ‘1’ என்று பொறித்திருந்தது. 0.074 கேஜை (இடைவெளியை அளக்கும் உலோகத் துண்டு) வைத்து மூடினால் போல்ட் மூடக்கூடாது, ஆனால் மூடியது. ‘2’ எண் தலையை வாங்கித் திருகினேன், கைப்பிடி பாதியிலேயே நின்றது. வேலை முடிந்தது. எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், பழைய தலைகளில் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும், கேஜ் வைத்தே பாருங்கள்.

மவுசரின் போல்ட் ஒரே துண்டு. இடைவெளி கூடினால் வேறு போல்ட் தேட வேண்டும், இல்லையென்றால் பேரலைக் கழற்றத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் போக வேண்டும். இங்கே கிடைக்கும் கே98-களில் நிறைய, சோவியத் படை கைப்பற்றி, பிரித்துப்போட்டு, கலந்து பூட்டியவை. அந்த ரைஃபிளோடு பிறந்த போல்ட்தான் உள்ளே இருக்கிறது என்று நம்ப முடியாது.

மவுசர் பக்கமும் நியாயம் இருக்கிறது. போல்ட்டைப் பூட்டும் லக்குகள் (மேடுகள்) அதில் முன்பக்கம், தோட்டாவை ஒட்டியே பூட்டுவதால் அந்த அமைப்பு நல்ல இறுக்கம், எளிதில் தளராது. லீ-என்ஃபீல்ட் பின்னால் பூட்டுவதால் கூடு கொஞ்சம் நீளும், மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்களுக்கு அது சீக்கிரமே கழிவாகிவிடும். சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் மவுசரின் பெரிய நக எக்ஸ்ட்ராக்டரும் அருமையான வேலை. நண்பருடைய கே98-இல் 100 மீட்டரில் கொஞ்சம் சுட்டதுதான் எனக்கு அதில் பழக்கம், தூரக் குறியில் எது மேல் என்று அதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

உதிரி பாகத்துக்கும் இனி கஷ்டகாலம்தான். 1947 முதல் வடதுருவக் குளிரில் நம்பர் 4-ஐ வைத்திருந்த கனடிய ரேஞ்சர்கள் (தொலைதூரப் பகுதிகளைக் கண்காணிக்கும் ராணுவப் பிரிவு) அதை மாற்றியதற்கே பாகங்கள் அருகிப்போனது ஒரு முக்கியக் காரணம். ‘3’ எண் தலை இப்போதே கிடைப்பது அரிது. அதனால் வாங்கும்போது முதலில் தலையிலுள்ள எண்ணைக் கேளுங்கள். 0 அல்லது 1 என்றால் மேலே போக இடமிருக்கிறது. ஏற்கெனவே 3 போட்டும் கேஜில் தேறவில்லை என்றால், மரம் எவ்வளவு பளபளத்தாலும் அதை விட்டுவிடுங்கள்.