குடும்பக் கதைக்காக வாங்கிய வாய்ஸ் ரெக்கார்டர்: மூன்று வருஷம் கழித்து

ரெக்கார்டர் ரிப்பேர் முடிந்து வந்த கையோடு இதை எழுதுகிறேன். கூட வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி, "எங்க அம்மாச்சிக்கும் வயசாகுதுக்கா, நீங்க வச்சிருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை.

எந்த மாடல், எத்தனை ஜிபி என்பதற்குள் போகவில்லை. இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி போட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பதிவாகிற சாதாரண ரகம். வாங்கியது ஒரே வேலைக்கு: தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அப்பத்தா பேசுவதைப் பதிவு செய்ய. எங்கள் குடும்பம் தனுஷ்கோடியில் இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் வீடு போனது, வீட்டிலிருந்த தகரப் பெட்டி போனது, பெட்டிக்குள் இருந்த காகிதமும் போனது. ஐயாவும் (அப்பத்தாவின் வீட்டுக்காரர்) இப்போது இல்லை. நிலமுள்ள குடும்பம் என்றால் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம். கடற்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த வழியே கிடையாது. அப்பத்தாவின் ஞாபகத்தை விட்டால் கோயிலில் இருக்கும் ஞானஸ்நானப் புத்தகம்தான்.

ஃபோனிலேயே பதிவு செய்யலாமே என்பார்கள். ஃபோனை முன்னால் வைத்ததும் அப்பத்தா முந்தானையைச் சரிசெய்து, சாமியாரிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்துவிடுவார். நடுவில் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது வரும், சின்னவள் கார்ட்டூன் கேட்டு அழுவாள். ரெக்கார்டரை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இறால் உரித்துக்கொண்டே பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பேன். மீன் கையோடு புறங்கையால் தட்டினாலே பொத்தான் வேலை செய்யும்.

வேலைக்கும் போய் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்பவளுக்குக் குடும்ப வரலாறு தேட நாள் முழுக்க எங்கே கிடைக்கும்? கிடைப்பது அரை மணி, முக்கால் மணி. அதற்கு இந்தப் பெட்டி நன்றாகவே ஒத்துழைக்கிறது. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே போகிறேன். இதில் ஏ-பி ரிப்பீட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு இடத்தில் அமுக்கி, இன்னொரு இடத்தில் அமுக்கினால் அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். பல் இல்லாத வாயில் வேகமாக வந்து விழும் ஒரு பெயரைப் பிடிக்க இதைவிட நல்ல வசதி நான் பார்த்ததில்லை. உச்சிப்புளியில் ஆரம்பித்தால் பஸ் ராமநாதபுரம் போவதற்குள் பெயர் பிடிபட்டுவிடும்.

குரல் கேட்டால் தானாகப் பதிவாகும் வசதியும் உண்டு. அதை அணைத்தே வையுங்கள். அது விழித்துக்கொள்வதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. சவரிமுத்து வரிமுத்து ஆகிவிட்டால் எந்தப் புத்தகத்தில் போய்த் தேடுவது?

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் என் பையனால் வந்தது. புயலைப் பற்றி நான் எப்படிக் கேட்டாலும் அப்பத்தா இரண்டு வரிக்கு மேல் பேசமாட்டார். "கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் இருந்துச்சு, புதுத் துணியெல்லாம் தைச்சு வச்சிருந்தோம்" என்பதோடு நிறுத்திவிடுவார். ஒருநாள் பையன் ரெக்கார்டரைக் கையில் வாங்கிக்கொண்டு (என்னைப் பார்த்து அவனும் அப்பத்தா என்றே கூப்பிடுகிறான்), "அப்பத்தா, சுத்தி கடலா இருந்தா குடிக்கத் தண்ணிக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டான். எனக்குத் தோன்றாத கேள்வி. "மண்ணைக் கையால தோண்டுனா நல்ல தண்ணி ஊறும் அப்பு" என்று ஆரம்பித்தவர் பதிவு முடியும்வரை நிறுத்தவில்லை. யார் வீட்டு வாசலில் ஊற்று, யார் யார் குடத்தோடு வருவார்கள், இலங்கைத் தலைமன்னார் கப்பல் வரும் நேரத்தில் ஐயா கப்பல்துறையில் மூட்டை இறக்கப் போய்விட்டால் யார் குடம் தூக்கி விடுவார்கள் என்று அந்தத் தெருவே வந்துவிட்டது. ஊற்றடி வீட்டு அக்கா என்று ஒருவரைப் பெயர் சொல்லிச் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத பெயர்.

அதற்கப்புறம் கேள்வி கேட்கும் வேலையைப் பையனிடமே விட்டுவிட்டேன். அவன் கேட்டால் அவர் சலிப்பதே இல்லை.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன். பேட்டரியை மாற்றினால் கடிகாரம் அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் 2015 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணிக்குப் போய் நின்றுகொள்ளும். நாமாக நேரத்தைத் திருத்தாவிட்டால் அதற்குப் பிறகு பதிவாகும் ஒவ்வொன்றிலும் அந்தத் தேதிதான் விழும். கோப்புக்குப் பெயரும் அந்தத் தேதியிலிருந்துதான் வருகிறது என்பதால், கணினியில் ஏற்றும்போது ஒரே பெயரில் பழையதும் புதியதும் மோதும். ஒவ்வொரு முறையும் தனி ஃபோல்டர் போட்டாக வேண்டும்.

பாட்டு கேட்பவருக்கு இது ஒரு குறையே இல்லை. வகுப்பில் பாடம் பதிவு செய்பவருக்கும் பெரிதில்லை. ஆனால் அப்பத்தா தேதி சொல்லும் விதம் வேறு. "அவுக செத்து வர்ற மாசியோட மூணு வருஷம்" என்பார். எந்த மாசி? பதிவு செய்த நாள் தெரிந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். எங்கள் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது, இனிஷியல் மட்டும்தான். ஒரே பெயரில் இரண்டு தலைமுறை ஆட்கள் வரும்போது வருஷத்தை விட்டால் பிரித்துப் பார்க்க வேறு வழி கிடையாது. அந்த வருஷத்தைத்தான் இந்தப் பெட்டி அழிக்கிறது. சித்தப்பா பேசிய சில பதிவுகளில் "போன வருஷம்" என்று வரும் இடமெல்லாம் இன்னும் எனக்குக் குழப்பம்தான். சித்தப்பாவும் இப்போது இல்லை.

போதாததற்கு எங்கள் ஊர் உப்புக்காற்று. பேட்டரி உட்காரும் இடத்திலுள்ள ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூத்துவிட்டது. பையில் வைத்து நடந்தாலே தொடர்பு விட்டுவிட்டு வர, பேட்டரி தீராமலேயே தேதி அழிய ஆரம்பித்தது. ராமநாதபுரத்தில் ரிப்பேர் கடைத் தம்பி திறந்து, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிங்கை மாற்றி ஈயம் வைத்தார். பேட்டரி ஆடாமலிருக்க மூடிக்குள் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டினார். போர்டைக் காட்டி, "கடிகாரத்துக்குன்னு தனியா பேட்டரி வைக்கவே இல்லக்கா. ஒரு சின்னப் பொத்தான் பேட்டரி வச்சிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இந்த விலையில் வரும் வேறு சில ரெக்கார்டர்களிலும் இதே கதைதான் என்று அவர் சொன்னதால்தான் கம்பெனி பெயரை எழுதவில்லை.

நியாயமாகச் சொன்னால் ஒலிப்பதிவில் குறையே கிடையாது. திண்ணையில் காற்று அடிக்கும்போது மட்டும் மைக்கின் மேல் ஒரு பஞ்சு உறை மாட்ட வேண்டும். பேட்டரியும் நீண்ட நாள் வருகிறது.

தேதிக்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். பதிவு தொடங்கியதும் பையன் தேதி, மாசம், வருஷம், எந்த வீடு, யார் பேசுகிறார்கள் என்று சத்தமாகச் சொல்லிவிடுவான். எதைக் கொண்டு பதிவு செய்தாலும் இதைச் செய்யுங்கள். பெட்டி எந்தத் தேதியைப் போட்டாலும் குரலில் இருப்பது அழியாது.

அப்படித் தேதி சொல்லித் தொடங்கிய ஒரு பதிவில்தான் அத்தையின் ஞானஸ்நானம் பற்றி வந்தது. "புயலடிச்ச வருஷம், விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை" என்றார் அப்பத்தா. 1964இல் ஈஸ்டர் மார்ச் 29. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அதற்கு 46 நாள் முன்னால் வரும். அப்படிப் பின்னால் எண்ணினால் பிப்ரவரி 12, முந்தின ஞாயிறு பிப்ரவரி 9. தலைப்பிரசவம் என்பதால் தாய்வீட்டில் இருந்திருக்கிறார். அப்படியானால் தனுஷ்கோடியில் தேடிப் பயனில்லை, அவர் பிறந்த ஊர்க் கோயிலில்தான் பெயர் இருக்க வேண்டும். பங்குச் சாமியார் நல்ல மனிதர், புத்தகத்தை எடுத்து வைத்தார். படம் எடுக்கக் கூடாது, வாசித்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார். பிப்ரவரி 9ஆம் தேதியில் அத்தை பெயர் இருந்தது. லத்தீனில் எழுதிய வரி. அப்பா பெயர், அம்மா பெயர், அப்புறம் ஞானத்தாய் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்) என்ற இடத்தில் ஊற்றடி வீட்டு அக்காவின் பெயர்! சின்னவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பதிவு செய்தேன். ஓரத்தில் அத்தையின் கல்யாணக் குறிப்பும் இருந்தது. கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணம் எங்கே நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் போய், அந்த வரியின் பக்கத்திலேயே எழுதிவைப்பார்கள். தேடுபவர்கள் ஓரத்தைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

இவ்வளவும் இந்த ரெக்கார்டர் கொண்டு செய்ததுதான். இருந்தாலும் தங்கச்சி, இதை வாங்காதே. வயசானவர்கள் பேச்சைப் பதிவு செய்யும் கருவிக்குத் தேதி தெரிந்திருக்க வேண்டும். அதில் எனக்குச் சமரசமே இல்லை. வேறு எதை வாங்கினாலும் கடையிலேயே நேரத்தைச் சரியாக வைத்து, பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிஷம் பொறுத்துத் திரும்பப் போட்டுப் பார். தேதி நின்றால் வாங்கு. கழற்றக் கூடாது என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போ. ஆனால் அது கிடைக்கும்வரை அம்மாச்சியிடம் கேட்காமல் இருந்துவிடாதே. ஃபோனில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு, திரையைக் கவிழ்த்து வைத்து, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பி.