44 முகவரி வீட்டுக்கு வர எந்த வழி: ஐபிஐபியா, வயர்கார்டா, பிஜிபியா?

ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ உரிமம் உள்ளவர், இணையத்தில் 44 என்று தொடங்கும் சொந்த முகவரியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. முதலில் ரௌட்டர் பக்கத்தைத் திறந்து வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் அது தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்று அர்த்தம். சென்னையில் வீட்டு ஃபைபர் வைத்திருக்கும் பலருக்கு இதுதான் நிலை. மூன்று வழிகளில் எது உங்களுக்கு என்பதைப் பாதிக்கு மேல் இந்த எண்ணே சொல்லிவிடும்.

44 என்று தொடங்கும் முகவரிகள் ஹாம்களுக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. 1981-இல் ஹாங்க் மக்னுஸ்கி கேட்டு வாங்கிய தொகுதி அது. அதில் கால் பங்கு 2019-இல் அமேசானுக்கு விற்கப்பட்டது. மிச்சமுள்ள 44.0.0.0/9, 44.128.0.0/10 இரண்டையும் ஏஆர்டிசி என்ற லாப நோக்கற்ற அமைப்பு பராமரிக்கிறது. கால்சைன் (ஹாம் உரிமத்தோடு வரும் அழைப்புக் குறி) இருந்தால் நீங்களும் விண்ணப்பிக்கலாம்.

மனதுக்கு நெருக்கமான வழி என்றால் எனக்கு ஐபிஐபிதான். ஒரு ஐபி பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, இன்னொன்றின் வயிற்றில் வைத்து அனுப்புகிற பழைய முறை. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் வழிக்குத்தான் டனல் என்று பெயர். நங்கநல்லூரில் நீங்களும் பெரம்பூரில் உங்கள் நண்பரும் இந்த வலையில் இருந்தால், இருவருக்கும் நடுவில் பாக்கெட் நேராகவே போகும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இருக்கும் மையம் யாருடைய தொகுதி எங்கே இருக்கிறது என்ற பாதைப் பட்டியலை மட்டும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். லினக்ஸில் ஓடும் ஆம்பர்-ரிப்டி என்ற நிரல் அதை வாங்கி ரூட்டிங் அட்டவணையில் போட்டுவிடும். பாக்கெட்டைக் கடத்த நடுவில் ஒருவரையும் நம்பியிருக்க வேண்டாத இந்த அமைப்பு ஹாம் மனசுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் 44-க்கு வெளியே இருக்கும் இணையத்திலிருந்து வருவதெல்லாம் சான் டியேகோவைத் தொட்டுத்தான் சென்னைக்கு வரும். தாமதம் 200 மில்லிசெகண்டைத் தாண்டும்.

பெரிய முட்டுக்கட்டை வேறு. ஐபிஐபி என்பது புரோட்டோகால் எண் 4. பாக்கெட் எந்தச் செயலிக்கு என்று காட்டும் போர்ட் எண்ணே அதற்குக் கிடையாது. போர்ட்டை வைத்துத்தான் சிஜிநாட் ஆளைப் பிரிக்கிறது, அதனால் பாக்கெட் உங்கள் வீட்டுக்கு வந்து சேராது. நிலையான ஐபி வாங்கினாலும் வேலை முடியாது. பல வீட்டு ரௌட்டர்களின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் டிசிபி, யுடிபி இரண்டுதான் இருக்கும். வருவதை அப்படியே உள்ளே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி இணைய நிறுவனத்தைக் கேட்க வேண்டும். என் இணைப்பில் அதை வாடிக்கையாளர் சேவைக்குப் புரிய வைக்கவே இரண்டு வாரம் ஆனது.

வயர்கார்ட் என்பது மறையாக்கம் செய்து அனுப்பும் டனல். அதில் இந்தத் தொல்லை இல்லை. இணைப்பை டனலை ஓட்டும் உங்கள் பெட்டியே வெளியே பார்த்துத் தொடங்குகிறது, அதுவும் யுடிபியில். சிஜிநாட் தடுக்காது. இணைப்பு தூங்காமல் இருக்க அவ்வப்போது போகும் கீப்அலைவை 25 விநாடி என்று வைத்தால் வழி மூடாமல் திறந்தே இருக்கும். ஏஆர்டிசியின் 44நெட் கனெக்ட் சேவை இப்படித்தான் நிலையான முகவரி தருகிறது. ஹாம்கள் இணையம் வழியே பேச உதவும் எக்கோலிங்க் கேட்கும் யுடிபி 5198, 5199 போர்ட்டுகள் பிராக்ஸி என்ற இடைத்தரகர் சர்வர் இல்லாமலே நேராக வீட்டுக்கு வரும். குறை ஒன்று உண்டு: பெரம்பூர் நண்பருக்குப் போகும் பாக்கெட்டும் அந்தச் சேவையின் சர்வரைச் சுற்றிக்கொண்டுதான் போகும். ஆனாலும் சென்னையில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வது வயர்கார்டைத்தான்.

பிஜிபி என்பது 'இந்த முகவரித் தொகுதி இங்கே இருக்கிறது' என்று இணையம் முழுவதற்கும் அறிவிக்கும் முறை. தனி வீட்டுக்கு அது வேண்டாம். குறைந்தது ஒரு /24, அதாவது 256 முகவரிகள் வேண்டும். அதை இணையத்தில் அறிவிக்க ஒரு நிறுவனமும், அதற்கான அனுமதிக் கடிதமும், மாத வாடகைக்கு ஒரு சர்வரும் வேண்டும். பல உறுப்பினர்கள் உள்ள கிளப்புக்கு இது அருமையான வழி.

ஐபிஐபி, வயர்கார்ட் எதை எடுத்தாலும் ஆட்கள் மணிக்கணக்கில் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். பிங் என்ற சோதனைப் பாக்கெட் உள்ளே வருவது, போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் தெரியும், பதிலும் கிளம்பும், எதிர்முனைக்கு மட்டும் போய்ச் சேராது. பதில் டனலுக்குள் போகாமல் வீட்டு இணைப்பு வழியே வெளியேறியிருக்கும். 'இது எங்கள் முகவரி இல்லையே' என்று இணைய நிறுவனம் அதைக் கீழே போட்டிருக்கும். 44-ஐ மூல முகவரியாகக் கொண்ட பாக்கெட்டுகளுக்குத் தனி ரூட்டிங் அட்டவணை போட்டால் தீர்ந்தது. எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) வேலை செய்து, பெரிய பக்கங்கள் மட்டும் பாதியில் நின்றால் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, பாருங்கள்: ஐபிஐபிக்கு 1480, வயர்கார்டுக்கு 1420.

ஃபயர்வாலை மறக்கவே கூடாது. இது முழுப் பொது முகவரி. டனல் எழுந்த உடனேயே கதவைத் தட்டிப் பார்ப்பவர்கள் வந்துவிடுவார்கள். இன்னொன்று, வயர்கார்டின் மறையாக்கம் இணையப் பக்கத்தோடு நிற்க வேண்டும். ஆன்டெனாவுக்குப் போகும் எதையும் மறைத்து அனுப்பக் கூடாது.

பெட்டிக்கு ராஸ்பெரி பை என்ற சிறு கணினி போதும். மைக்ரோடிக் ரௌட்டர் இருந்தால் அதுவும் நன்றாகவே ஓடும். பை, ஃபைபர் பெட்டி இரண்டும் சேர்ந்து 12 வாட் இழுத்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 7 மணி நேரம் வரும். நடைமுறையில் 5 என்று வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரியான நாளில் தெருவில் ஃபைபர் போய்விட்டால் மூன்று வழியும் சாகும். அன்றைக்கும் 144 மெகாஹெர்ட்ஸில் 1200 பாட் பாக்கெட் ரேடியோ, அதே 44 முகவரிகளோடு, மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஓடும். அதனால் ஏஆர்டிசி போர்டலில் முகவரி கேட்கும்போது ஒன்றோடு நிற்காதீர்கள். ரேடியோ பக்கத்துக்கும் சேர்த்துச் சிறு தொகுதியாகக் கேளுங்கள்.