லஹைனா தீயும் என் ஃபின்னிஷும்: எளிய செய்தியில் மொழி கற்ற அனுபவம்

ஃபின்லாந்தின் எஸ்போ நகருக்கு வேலைக்கு வந்திருக்கும் நண்பர் ஒருவர், ஃபின்னிஷ் படிக்க எந்த ஆப் நல்லது என்று கேட்டார். ஆப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எங்கேயும் பேசப்போகாத வாக்கியங்களுக்குச் சந்தா கட்டியதுதான் மிச்சம். எனக்கு மொழி பிடிபட்டது இங்குள்ள பொது ஒலிபரப்பு நிறுவனமான யுலேயின் செல்கோ செய்தியில். எளிய ஃபின்னிஷில் நிதானமாக வாசிப்பார்கள், வாசிக்கும் உரையும் கூடவே கிடைக்கும், காசு கிடையாது. இது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் மௌயி தீவில் லஹைனா என்ற ஊர் எரிந்தது. நான் அப்போது ஆரம்ப நிலை. அடுத்தடுத்த நாள்களில் அதே செய்தி திரும்பத் திரும்ப வந்தது, அதே சொற்களோடு. எந்தப் பாடப்புத்தகமும் ஒரே விஷயத்தை இத்தனை முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லாது. ஊரில் என்றால் லஹைனாஸ்ஸா, ஊரிலிருந்து என்றால் லஹைனாஸ்தா. வேற்றுமை உருபைப் பெயரோடு ஒட்டியே பேசி வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். வகுப்பில் ஆங்கிலம் வழியாக யோசித்தவர்கள்தான் திணறினார்கள். துலி என்றால் தீ, தூலி என்றால் காற்று. குறில் நெடில் பழகிய காதுக்கு அதிலும் குழப்பமில்லை. அந்தக் காற்றுதான் ஊரையே கொண்டுபோனது, தெற்கே வெகு தூரத்தில் கடந்துகொண்டிருந்த டோரா புயலும் அதற்கு ஒரு காரணம்.

எண்களையும் அங்கேதான் கற்றேன். இறந்தவர்கள் 36 என்றார்கள், அப்புறம் 53, 67, 80, 93. எண்ணுக்குப் பின்னால் வரும் ‘இஹ்மிஸ்தா’, அதாவது பேர், எத்தனை பேரானாலும் ஒருமையில்தான் நிற்கும் என்ற விதி அப்படித்தான் மனதில் ஏறியது. செத்தவர்களை எண்ணி இலக்கணம் படிப்பது அன்றைக்கும் உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது. அதனாலேயே அந்த ஊரை அப்படியே விட மனம் வரவில்லை. 115 வரை போன கணக்கு மரபணுச் சோதனைக்குப் பிறகு 97 ஆகக் குறைந்து, கடைசியில் 102 என்று நின்றது. காலையில் அறுந்த மின்கம்பியால் பிடித்த தீயை அணைத்தாயிற்று என்று நினைத்திருக்க, பிற்பகலில் அதுவே மறுபடி மூண்டது என்று 2024 அக்டோபரில் வந்த விசாரணை முடிவை, செல்கோ இல்லாத சாதாரண ஃபின்னிஷிலேயே படித்துப் புரிந்துகொண்டேன். 1873இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் அங்கே நட்ட ஆலமரம் கருகிய பிறகும் துளிர்த்தது என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இத்தனைக்கும் பிறகு கடைக்குப் போனால் ஒன்றும் விளங்காது! செய்தியில் 36 என்பது ‘கோல்மேக்யும்மென்தாகூசி’ என்று முழுதாக, அழகாக வரும். கல்லாவில் இருப்பவர் ‘கோல்க்யுத்கூஸ்’ என்று சொல்லி முடித்துவிடுவார். ‘மினா ஓலேன்’ என்று நான் சொல்ல, எதிரே இருப்பவர் ‘மா ஓன்’ என்பார். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்பது தமிழ் பேசுகிற நமக்குப் புதிதில்லைதான், ஆனால் இரண்டையும் குழந்தையிலிருந்தே கேட்டு வளர்வது வேறு, ஒன்றை மட்டும் வருஷக்கணக்கில் கேட்டுவிட்டு அடுத்ததில் போய் விழுவது வேறு. குடியுரிமைக்கான ஒய்.கே.ஐ. மொழித் தேர்வுக்குப் படிக்க இந்தச் செய்தி நிச்சயம் உதவும். பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்று பேச ஆரம்பித்தால் உதவாது, எனக்கு வேண்டியிருந்ததோ அதுதான்.

அதனால் நண்பருக்குச் சொன்ன பதில்: செல்கோவை இப்போது தொடாதீர்கள். நகராட்சி நடத்தும் வயது வந்தோர் கல்வி நிலையத்தில் பேச்சு ஃபின்னிஷ் வகுப்பு இருக்கிறதா என்று பார்த்து முதலில் அதில் சேருங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.