மணி பிளான்ட் தண்ணியில நாலு வருஷம்: செடி சொக்கத்தங்கம், பாட்டில்தான் பாடு

போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணு என் டேபிள் மேல இருக்குற பாட்டிலைப் பாத்துட்டு, "அக்கா, இது தண்ணியிலயே வளருமாமே, ஒரு வேலையும் இல்லையாமே, எனக்கும் ஒரு கட்டிங் தர்றீங்களா"ன்னு கேட்டா. தர்றதுல ஒன்னும் இல்ல, எவ்ளோ வேணா தருவேன். ஆனா அந்த "ஒரு வேலையும் இல்லையாமே"ங்கிற வார்த்தைக்கு என்னால அப்ப பதில் சொல்ல முடியல, ஏன்னா அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் டிவிக்குப் பின்னாடி இருக்குற பாட்டில்ல கொசுப்புழுவைப் பாத்திருந்தேன். அந்தக் கோவம் இன்னும் அடங்கல. அதனால அவளுக்குச் சொல்ல வேண்டியதை முழுசா இங்கயே எழுதிடுறேன்.

கோயம்புத்தூர்ல மூணாவது மாடி ஃபிளாட், பால்கனி கிழக்குப் பாத்தது. நாலு வருஷம் முன்னாடி ரெண்டு பாட்டில்ல ஆரம்பிச்சது இப்ப பதினொன்னு. கொடியை வெட்டித் தண்ணியில போடணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா நிறைய பேர் தப்பு பண்றது கணு விஷயத்துலதான். வெறும் இலையைக் காம்போட கிள்ளி வச்சீங்கன்னா அது மாசக்கணக்குல பச்சையா நிக்கும், புதுத் தளிர் மட்டும் வரவே வராது. கணுவுக்கு ஒரு விரக்கடை கீழ வெட்டணும், அந்தக் கணு தண்ணிக்குள்ள முங்கி இருக்கணும், அதுல இருக்குற இலையை எடுத்துடணும், இல்லன்னா இலை அழுகி தண்ணி நாறிடும். அவ்வளவுதான்.

கணுவுல பிரவுன் கலர்ல குட்டியா ஒரு முளை துருத்திட்டு இருக்கும் பாருங்க, அதான் காத்து வேர். தண்ணி பட்ட நாலஞ்சு நாள்ல அதோட நுனி மட்டும் வெள்ளையாகி, பச்சரிசி நொய் ஒட்ட வச்ச மாதிரி ஆகும். பத்து நாள், ரெண்டு வாரத்துல அது விரல் நீளத்துக்கு இறங்கும், அப்புறம் பக்கத்துல எல்லாம் பஞ்சு நூல் மாதிரி கிளை விடும். மண்ணுல வச்சா இதை எப்படிப் பாக்கறது? காலைல காபி டம்ளரோட அந்தப் பாட்டில் முன்னாடி நின்னு வேரைப் பாக்குற அஞ்சு நிமிஷம் எனக்கு இந்த நாலு வருஷத்துல ஒரு நாள் கூட சலிச்சதில்ல. இதை முழு மனசோட சொல்றேன்.

இப்ப கோவத்துக்கு வர்றேன்.

செடிக்கு உண்மையிலயே ஒன்னும் வேணாம். ஜன்னல்ல இருந்து தள்ளி வச்சாலும் இருக்கும், என்ன, வெளிச்சம் பத்தலன்னா இலையில இருக்குற மஞ்சக் கீத்து கொறைஞ்சு வெறும் பச்சையாயிடும். பாடு பூரா தண்ணிக்குத்தான். கண்ணாடி பாட்டில்ல வெளிச்சம் நேரா தண்ணிக்குப் போகுது, பாசி பிடிக்குது, மூணு வாரம் விட்டா உள்பக்கம் பச்சையா வழவழன்னு படிஞ்சு நமக்குப் பிடிச்ச அந்த வேரே தெரியாது. அதைக் கூடப் பொறுத்துக்கலாம். கொசுவை எப்படிப் பொறுத்துக்கறது? டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போறதில்ல, வீட்டுக்குள்ள தேங்கி நிக்கிற தெளிவான தண்ணிதான் அதுக்கு இஷ்டம், மணி பிளான்ட் பாட்டில் அதுக்குன்னே வச்ச மாதிரி. நம்ம ஊர் சூட்டுக்கு முட்டையில இருந்து பறக்குற கொசுவா ஆக ஏழுல இருந்து பத்து நாள் போதும்.

நாங்க ஊருக்குப் போயிட்டு பதினோரு நாள் கழிச்சு வந்தோம். மத்த பாட்டில் எல்லாத்துக்கும் பஞ்சு அடைச்சிட்டுப் போனவ டிவிக்குப் பின்னாடி இருந்ததை மறந்துட்டேன். வந்து டார்ச் அடிச்சுப் பாக்குறேன், தண்ணி மேல்மட்டத்துல தலைகீழா ஒரு பத்து பன்னெண்டு தொங்குது, பாட்டிலை விரலால தட்டினதும் எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு அடிக்குப் போகுது, அதுல ரெண்டு கமா மாதிரி சுருண்டு கூட்டுப்புழுவா ஆயிடுச்சு, அதாவது இன்னும் ஒன்னு ரெண்டு நாள்ல பறந்திருக்கும். வீட்டுல சின்னப் பையன் இருக்கான். எனக்குக் கை நடுங்கிருச்சு. மாநகராட்சியில இருந்து கொசுப்புழு பாக்க வர்ற அக்கா ஒவ்வொரு தடவையும் "வாரம் ஒருக்கா மாத்துங்க, தேய்ச்சுக் கழுவுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. தேய்ச்சுன்னு அவங்க அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, அந்தக் கொசு முட்டையைத் தண்ணி விளிம்புக்கு மேல பாட்டில் சுவத்துல ஒட்ட வச்சிடும், தண்ணியைக் கொட்டினாலும் அது காஞ்சு போய் மாசக்கணக்குல உசுரோட இருக்கும், மறுபடி தண்ணி ஊத்தினா பொரிக்கும். ஆக மேலாப்புல தண்ணி மாத்தறது மாத்தறதே இல்ல.

ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம் இதுக்கே போகுது. வாய் குறுகின பாட்டிலுக்குக் கல்லுப்பு ஒரு கைப்பிடி, கொஞ்சமா தண்ணி போட்டுக் குலுக்கினா பாசி உரிஞ்சு வந்துரும், விளிம்பை மட்டும் பிரஷ் விட்டுத் தேய்க்கணும். வெள்ளையா படிஞ்ச உப்புக்குப் புளியைக் கரைச்சு ஊத்தி வைப்பேன். வேரையும் தடவிப் பாக்கணும், கெட்டியா இருந்தா சரி, கொழகொழன்னு பிரவுனா இருக்குறதை வெட்டி எறிஞ்சிடணும். உப்பு போடறதுக்கு முன்னாடி கொட்டுற பழைய தண்ணி கருவேப்பிலைச் செடிக்கு.

இந்த உப்பு விஷயம் கோயம்புத்தூர்க்காரங்களுக்கு நல்லாத் தெரியும். போர் தண்ணி ஊத்தின பாட்டில் எல்லாம் கழுத்துல வெள்ளை வளையம், இலை நுனி காஞ்சு பிரவுனாகுது. சிறுவாணித் தண்ணி ஊத்தினது பளிச்னு இருக்கு. ஆனா நல்ல தண்ணி எங்க ஏரியாவுக்கு தினமும் வர்றதில்ல, குடிக்கப் பிடிச்சு வச்சதுல இருந்து வாரம் ஒரு பக்கெட்டைச் செடிக்கு எடுக்கறப்ப அத்தை மூஞ்சியைப் பாக்க முடியாது, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. மழை பேஞ்சா அண்டா வச்சுப் பிடிச்சு, வெள்ளைத் துணியால இறுக்கிக் கட்டி வச்சுக்கிறேன். ஆர்ஓ தண்ணியும் ஊத்திப் பாத்தேன், அதுல சத்தே இல்லாததால உரம் சேர்க்கணும், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூணும் சமமா இருக்குற 19:19:19 உரத்தைப் பாக்கெட்ல போட்டிருக்குற அளவுல கால்வாசி கரைச்சு மாசம் ஒருக்கா. அதுக்கு மேல போட்டா பாசிக்குத்தான் விருந்து.

ஒரு வருத்தமும் இருக்கு. ரெண்டு வருஷம் தண்ணியில இருந்த ஒரு பெரிய கொடியை, வேர் புதர் மாதிரி ஆயிடுச்சேன்னு மண் தொட்டிக்கு மாத்தினேன், ஒரே வாரத்துல இலை எல்லாம் தொங்கி மஞ்சளாகி வரிசையா விழுந்துச்சு. தண்ணியில வளர்ந்த வேர் தண்ணிக்குப் பழகினது, மண்ணுல போட்டா அது புதுசா வேர் விட்டாத்தான் பொழைக்கும். மாத்தறதா இருந்தா வேர் ரெண்டு மூணு இஞ்ச் இருக்கறப்பவே மாத்திடணும், முதல் ரெண்டு வாரம் மண் காயவே கூடாது. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா அந்தக் கொடி இன்னிக்கு இருந்திருக்கும்.

அப்புறம் இலை சைஸ். தண்ணியில, அதுவும் தொங்க விட்ட கொடியில, வர வர இலை சின்னதாத்தான் வரும். பொள்ளாச்சிப் பக்கம் எங்க பெரியப்பா தோட்டத்துல இதே செடி தென்னை மரத்துல ஏறியிருக்கு, இலை ஒவ்வொன்னும் முறம் அகலம், ஓரமெல்லாம் கிழிஞ்ச மாதிரி வெட்டு வெட்டா இருக்கும், முதல்ல பாத்தப்ப வேற செடின்னே நினைச்சேன். மேல ஏற எதையாவது பிடிச்சுக்கிட்டா இலை பெருசாகும், தொங்கினா சுருங்கும், இது அந்தச் செடியோட குணம். பாட்டில்ல வச்சுட்டு இலை சிறுத்துப் போச்சேன்னு யாரும் கவலைப்படாதீங்க.

காத்தைச் சுத்தம் பண்ணும்னு வாங்குறவங்களுக்கு: 1989ல நாசா பண்ணின ஆய்வு மூடின சின்னப் பெட்டிக்குள்ள பண்ணினது, நம்ம ஹாலுக்கு அது பொருந்தாது, ஜன்னலைத் திறந்து வைங்க. குழந்தை, பூனை வாய்க்கு எட்டாத இடத்துல வைங்க, இலையைக் கடிச்சா வாயெல்லாம் எரியும், வீங்கும்.

அந்தப் பொண்ணுக்கு என் பதில் இதான். இத்தனை நாள்ல என்னை ஒரு தடவை கூட ஏமாத்தாத ஒரே செடி இது. ஆனா தண்ணியில வைக்காதே, மண்ணுல வை. வேரைப் பாக்கணும்னு ஆசையா இருந்தா ஒரே ஒரு பாட்டில், அதுவும் பிரவுன் கலர் சிரப் பாட்டில், கழுத்துல பஞ்சு அடைச்சு, தினமும் கண்ணுல படுற இடத்துல வை. ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்தீன்னா நாலு கணு உள்ள நல்ல கொடியா வெட்டித் தர்றேன், வர்றப்ப ஒரு சின்ன மண் தொட்டியும் எடுத்துட்டு வா.