ஓசியா, டியோவா?

வெள்ளவத்தையில் மழை இறங்கினால் மச்சானுக்கும் எனக்கும் இதே சண்டைதான்: பிளாக் சபாத் என்ற ஆங்கிலேய ஹெவி மெட்டல் இசைக்குழுவுக்குச் சிறந்த பாடகர் ஓசி ஒஸ்போர்னா, ரொனி ஜேம்ஸ் டியோவா?

மச்சான் ஓசி கட்சி. (பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், டிக்கெட் ஓசியில்லை.) 1948இல் பர்மிங்ஹாமில் பிறந்து, 15 வயதில் பள்ளியை விட்டு, மாடு வெட்டும் கொட்டிலிலும் வேலை செய்தவர். குரல் பெரிதாக ஏறாது. 'அயர்ன் மேன்' பாட்டில் கிற்றார் போகும் தடத்திலேயே போகும். ஆனால் அந்தப் புலம்பலில் ஒரு பயம் இருக்கிறது. 1979இல் குழுவை விட்டு நீக்கப்பட்டும் தனியாக எழும்பினார். 2025 ஜூலை 5இல் சொந்த ஊரிலேயே கடைசிக் கச்சேரி, 22இல் மறைவு.

என் வாக்கு, ஓசியின் இடத்துக்கு வந்த டியோவுக்கு. சின்ன வயதில் ட்ரம்பெட் ஊதிப் பழகிய மூச்சு. 1980இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் கிற்றார் அடங்கி வழிவிட, குரல் தன்பாட்டில் ஏறுகிறது. மேடையில் இரு விரல் கொம்புச் சைகையைப் பரப்பியவரும் அவரே. கண்ணூறு படாமலிருக்க இத்தாலியப் பாட்டி காட்டுவாராம். எங்கள் அம்மம்மா செத்தல் மிளகாய் சுற்றிப் போடுவது மாதிரி. 2010இல் வயிற்றுப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

கோட்டை ரயிலில் இயர்போனுக்கு டியோ. கரண்ட் போன இரவுக்கு, சரி மச்சான், ஓசிதான்.